நெருஞ்சில் குடிநீர்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, தமிழ்நாட்டு இரயில் நிலையங்களில் குழாயின் மேல் 'குடிநீர்' என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே அச்சொல் பருகுதற்குரிய நீரைக் குறிக்கிறது. சித்த மருத்துவத்தில் அதே சொல் ஒரு மருந்து வகையின் பெயர். மூலிகையை ஒன்றிரண்டாக இடித்து, நீரிலிட்டுக் காய்ச்சிச் சுண்டவைத்து, வடித்தெடுப்பது குடிநீர். வீட்டில் அதனைக் கஷாயம் என்பர். இங்குள்ள அண்டை வீட்டார் காடா என்பர். இப்பாடத்தில் நாம் காணவிருப்பது நெருஞ்சில் குடிநீர். சிறுநீரை மிகுவிக்கும் மருந்தாக நெடுங்காலமாக வழங்கி வருவது இது.

நெருஞ்சிலை உங்களுள் பலர் அறிவீர்கள், பெயரைத்தான் அறியமாட்டீர்கள். விளையாட்டுத் திடலில் செருப்பைத் துளைக்கும் முள்ளும், மிதிவண்டியைப் பஞ்சர் ஆக்கும் முள்ளும் பெரும்பாலும் இச்செடியின் காய்களே. தரையோடு படரும் சிறு செடி. புளியிலை போன்ற இலை. ஐந்து இதழ்கள் கொண்ட மஞ்சள் நிறப் பூ. காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும்.

நம் முன்னோர் இச்செடியை உற்று நோக்கியுள்ளனர். கதிரவன் செல்லும் திசையில் இதன் மலர் திரும்பும் இயல்பைக் குறுந்தொகைப் புலவர் உவமையாக்கினார். திருவள்ளுவரோ, அனிச்சமலரும் அன்னத்தின் இறகும்கூடத் தலைவியின் மெல்லிய அடிகளுக்கு நெருஞ்சிப் பழம்போல் உறுத்தும் என்றார். திடலில் ஒருமுறை வெறுங்காலோடு நடந்தவர்க்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை!

மருந்துக்கு உதவும் நெருஞ்சில் இரு வகைப்படும். மேலே கூறியது சிறுநெருஞ்சில். இந்தியில் சோட்டா கோக்ரு. மற்றொன்று யானை நெருஞ்சில். இந்தியில் படா கோக்ரு. பெயர் ஒத்திருப்பினும் இவை உறவுச் செடிகள் அல்ல. யானை நெருஞ்சில் எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தழையை நீரிலிட்டுக் கலக்கினால், நீர் விளக்கெண்ணெய் போல வழவழப்பாகும். சிறுநெருஞ்சிலுக்கு அவ்வியல்பு இல்லை. கடையில் வெறுமனே 'கோக்ரு' என்று கேட்டால் இரண்டில் எதனையும் தரக்கூடும். ஆகவே மருத்துவர் எதனை எழுதினாரோ அதன் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டல் வேண்டும்.

நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு ஆகியவற்றிற்குச் சித்த மருத்துவர்கள் நெருஞ்சிலைத் தருவர். சிறுபீளை, மூக்கிரட்டை முதலியவற்றோடு சேர்த்துத் தருவதும் உண்டு. (பொங்கலின்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் காப்புக் கட்டும் வெண்ணிறப் பூவே சிறுபீளை.) ஆயுர்வேதத்தில் தசமூலம் எனப்படும் பத்து வேர்களுள் நெருஞ்சில் வேரும் ஒன்று. எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளிலும் இது சிறுநீரை மிகுவிப்பது காணப்பட்டுள்ளது. மனிதரிடத்து இதனைப் போதிய அளவில் ஆராய்ந்து பார்க்கவில்லை.

சிறுநீர் மிகுவதனால் நோய் நீங்கிவிடுமா? இதனை அறியச் சிறுநீரகத்தின் தொழிலை அறிதல் வேண்டும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி உப்போடும் பிற சத்துகளோடும் மீண்டும் குருதிக்கே திரும்புகிறது. ஒன்று அல்லது இரண்டு லிட்டரே வெளியேறுகிறது. சிறுநீர்பெருக்கி மருந்துகளில் பல, உப்பு மீள்வதைக் குறைக்கின்றன. உப்பு வெளியேறும்போது நீரும் உடன் வெளியேறுகிறது. எனவே சிறுநீர் மிகுந்தது என்பதனால் சிறுநீரகம் நலமாயிற்று என்று கொள்ளலாகாது. இவை இரண்டும் வேறு வேறு.

இவ்வேறுபாட்டை உணராமையால்தான் தீங்கு நேர்கிறது. கோடையில் உங்கள் வயதினர்க்கு வரும் நீர்க்கடுப்பிற்குப் பெரும்பாலும் நீர் குறைவாகப் பருகுவதே காரணம். பள்ளிக்குக் கொண்டுவந்த புட்டியை நிறைந்தபடியே வீட்டிற்குத் திரும்பக் கொண்டுசெல்லும் மாணவர் எத்தனை பேர்! உடலில் நீர் குறைந்தவர்க்கு, இருக்கும் நீரையும் வெளியேற்றும் மருந்து எதற்கு? நீரும் மோருமே அவர்க்குத் தேவை. காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்து வந்தால் கிருமித்தொற்று இருக்கலாம். அதற்குக் கஷாயம் குடித்துக் காத்திருத்தல் தவறு. கல் சிறுநீர்ப் பாதையை முழுதும் அடைத்திருக்கும்போது சிறுநீரை மிகுவித்தால், அது வெளியேற வழியின்றித் தேங்கி வலியையும் அழுத்தத்தையும் கூட்டும். சிறுநீரில் குருதி, விலாவில் கடும் வலி, சிறுநீர் அறவே இறங்காமை, கால் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

சிலர் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பருகவே கூடாது. இரத்த அழுத்தத்திற்கோ இதய நோய்க்கோ 'நீர் மாத்திரை' உண்பவர் இதனையும் பருகினால், ஒரே வேலையை இரு மருந்துகள் செய்யும். தலைச்சுற்றலும் மயக்கமும் வரக்கூடும். சர்க்கரை நோய்க்கு மருந்துண்பவர்க்குச் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களால் மூலிகைச் சாறுகளில் உள்ள பொட்டாசியத்தை முறையாக வெளியேற்ற இயலாது. குருதியில் அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கருவுற்ற தாய்மார்க்கும் சிறுவர்க்கும் வீட்டார் தாமாகத் தருதல் ஆகாது.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்போர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இச்செடியை மிகுதியாக மேய்ந்த செம்மறியாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட முகம் வீங்கி, உடல் மஞ்சள் நிறமாகும் நோய் வருவதுண்டு. அந்நோய்க்கு 'மஞ்சள் தடித்தலை' என்னும் பொருளில் அந்நாட்டார் பெயரிட்டுள்ளனர். ஆடு வயிறு நிறைய மேய்வதும் மனிதர் சிறிதளவு பருகுவதும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும் ஈரானைச் சேர்ந்த ஓர் இளைஞர், சிறுநீரகக் கல் வாராமல் தடுக்கவென்று நெருஞ்சிலைப் பயன்படுத்தியதில், சிறுநீரகமும் ஈரலும் பெரிதும் பாதிக்கப்பட்டார். மருத்துவர்கள் அதனை 2010ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்துள்ளனர். அவர் காக்க நினைத்த உறுப்பே கெட்டது.

நம் மரபு இதனை அறியாததன்று. சித்த மருத்துவத்தில் குடிநீருக்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, பத்தியம் உண்டு. காய்ச்சிய குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் என்றும் வரையறுத்துள்ளனர். இன்றோ இத்தகைய மூலிகைகளை 'மூலிகைத் தேநீர்' என்று பெயர் மாற்றி, விளம்பரம் செய்து விற்கின்றனர். தேநீர் என்றவுடன் அளவு மறந்துபோகிறது! காலையில் காய்ச்சிக் குடுவையில் நிரப்பி, மாலைவரை பருகுவோரும் உளர். மருந்தை மருந்தின் பெயரால் அழைப்பதே நன்று என்பது என் கருத்து.

சென்னைத் தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஊருக்குச் செல்வோர் அங்குள்ள மருத்துவரிடம் நேரிலேயே ஆலோசனை பெறலாம். எங்கே மருந்து வாங்கினாலும், தயாரித்தவர் பெயர், உரிம எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஆங்கில மருத்துவரிடம் செல்லும்போது, பருகும் குடிநீரையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

சொற்பொருள்
நீர்க்கடுப்பு – சிறுநீர் கழிக்கையில் தோன்றும் எரிச்சல்
கல்லடைப்பு – சிறுநீர்ப் பாதையைக் கல் அடைத்தல்
பத்தியம் – மருந்துண்ணும் காலத்து உணவுக் கட்டுப்பாடு
சாமம் – மூன்று மணி நேரம் கொண்ட பொழுது

பயிற்சி
1. 'குடிநீர்' என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
2. பிரித்து எழுதுக: முட்செடி, கல்லடைப்பு, வெண்ணிறம்.
3. சிறுநெருஞ்சிலையும் யானை நெருஞ்சிலையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
4. ஊரில் உள்ள உங்கள் தாத்தா இரத்த அழுத்தத்திற்கு நீர் மாத்திரை உண்கிறார். கால் வீக்கத்திற்கு நெருஞ்சில் குடிநீரும் பருகத் தொடங்கியிருப்பதாகப் பாட்டி தொலைபேசியில் கூறுகிறார். தாத்தா மனம் வருந்தாதவாறு, அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.