தெரு போடுகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி, அதன் மூடியையே நடைபாதை என்று விட்டுவிட்டார்கள். ஓர் அடிக்கு மேல் உயரம். வீட்டுக்கு வீடு கேட் வரும் இடத்தில் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலியோடு பால் வாங்கப் போகும் என் அம்மா, நடைபாதையை விட்டுவிட்டு வண்டிகளோடு தார்ச்சாலையிலேயே நடக்கிறார். வார்டுக்காரர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் திட்டம் போடும்போதே இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012 வழிகாட்டி, நடைபாதை 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போக அவ்வளவு இடம் வேண்டும். கேட் வரும் இடத்திலும் நடைபாதை அதே மட்டத்தில் போகட்டும். ஏறி இறங்க வேண்டியது கார்தான்; அதற்கு ஓரத்தில் சின்னச் சாய்வு போதும்.

• அந்த அகலத்துக்கு வழியே இல்லாத சந்தா? பெயருக்கு ஒரு முழத்தில் நடைபாதை கட்ட வேண்டாம். தெரு முழுவதையும் ஒரே மட்டமாக்கி, மரத்தையும் திண்ணையையும் மாறி மாறி வைத்து, வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துதான் வர முடியும் என்று செய்துவிடுங்கள். நெதர்லாந்து 1976-இல் சட்டத்தில் சேர்த்த 'வூனெர்ஃப்' தெருக்கள் இப்படிப்பட்டவைதான்.

• மற்ற உள்தெருக்களில் வேகம் 30 கி.மீ.க்குள் இருக்கட்டும். குழந்தை குறுக்கே ஓடி வருவதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது. அதற்குள் 30-இல் வரும் வண்டி 8 மீட்டர் கடந்துவிடும்; 50-இல் வந்தால் 14 மீட்டர்.

• தெருமுனை வளைவைச் சிறிதாக்குங்கள். வளைவு அகலமாக இருந்தால் வண்டி வேகம் குறையாமலே திரும்பும்.

• வடிகால் கிராதியின் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அப்படியே இறங்கிவிடும். பள்ளிப் பிள்ளை தலைகுப்புற விழும்.

செய்யக்கூடாதவை

• ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி மேடு எழுப்பாதீர்கள். வேகத்தடைக்கு அளவு உண்டு: 10 செ.மீ. உயரத்துக்கு 3.7 மீட்டர் நீளம். வெள்ளைக் கோடும் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையும் வேண்டும். செங்குத்து மேட்டில் முதலில் அடிபடுவது சைக்கிள்காரர்.

• டிரான்ஸ்பார்மர், மின்வாரியப் பெட்டி, குப்பைத்தொட்டி எதையும் நடக்கும் தடத்தில் வைக்காதீர்கள்.

• பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போடாதீர்கள். இதைச் சொல்லி 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார்.

• பைக் ஏறுவதைத் தடுக்கிறோம் என்று நடைபாதை முனையில் நெருக்கமாகக் கம்பி நடாதீர்கள். சக்கர நாற்காலி நுழைய ஓர் இடைவெளியாவது 90 செ.மீ. இருக்கட்டும்.

• கார் நிறுத்தும் இடத்தை முதலில் வரைந்துவிட்டு, மிச்சத்தை நடக்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வரைபடத்தில் முதல் கோடு நடைபாதைக்கு.