கண்ணை மூடிக் கேட்ட நான்கு கிடார்கள்

"சார், ரோஸ்வுட் கிடார்னா கும்முனு இருக்குமாம்ல? பாப்பா அதத்தான் கேக்குது. பத்தாயிரம் கூட ஆகும்போல. போட்டு வாங்கிரவா?"

சித்திரை வெயில் தாழ்ந்த ஒரு ஞாயிறு மாலை, மதுரை விளாங்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்தத் தகப்பனார் கேட்டார். மகள் பதினோராம் வகுப்பு. இரண்டு வருடமாக என்னிடம் படிக்கிறாள். ஞாயிறுதோறும் கோயில் பாடற்குழுவில் வாசித்துக்கொண்டே பாடுவாள். தோழியிடம் இரவல் வாங்கிய ரோஸ்வுட் கிடார் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

வாங்குங்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு "ரோஸ்வுட்டே வாங்குங்க" என்று பல வருடம் பதில் சொல்லி அனுப்பியவன் நான். அதனால், "கிடார இங்கயே வச்சுட்டுப் போங்கண்ணே. அடுத்த ஞாயிறு வாங்க, காதால கேட்டு முடிவு பண்ணிருவோம்" என்றேன்.

இந்திய ரோஸ்வுட் என்பது நம் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் புகழ்பெற்ற டி-28 கிடாருக்கு நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைத்தான் முதுகுக்கும் விலாவுக்கும் வைத்தது. பிரேசில் அதைக் கட்டையாக வெளியே அனுப்புவதை நிறுத்தியபின், 1969 வாக்கில் அந்த இடத்துக்கு நம் ஈட்டி போய்ச் சேர்ந்தது. 1994-இல் தமிழ்நாட்டில் இந்த மரத்தைக் காக்கவே தனிச் சட்டம் போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது அது. நம் மலையில் நின்ற மரம் உலகத்தின் பெரிய மேடைகளில் பாடுகிறது என்ற பெருமிதம் எனக்கு உண்டு, இன்றும் உண்டு. அந்தப் பெருமிதத்திலேயே, மரத்தின் பெயரைக் கேட்டவுடன் சத்தமும் நன்றாக இருப்பதாகக் கேட்டுவிட்டேன்.

என் எண்ணத்தை மாற்றியது இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை, 2018-இல் வெளிவந்தது. ரோஜர் பக்னல் என்ற கிடார் செய்யும் கைவினைஞர் ஆறு கிடார்களை ஒரே அச்சில் செய்து கொடுத்தார். மேல்பலகை எல்லாவற்றிலும் ஒரே இன மரம். முதுகும் விலாவும் மட்டும் வெவ்வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, 52 கிடார் வாசிப்பவர்கள் அவற்றை வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழுந்தது. விலை உயர்ந்த மரம் தனித்துத் தெரியவில்லை.

இதை 1862-லேயே ஒருவர் வேறு வழியில் செய்து காட்டியிருக்கிறார். ஸ்பெயினின் அந்தோனியோ டி தோரெஸ், இன்றைய கிளாசிக்கல் கிடாரின் வடிவத்தை வகுத்தவர், முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தில் வைத்து ஒரு கிடார் கட்டினார். கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக முதலில் இறங்குவது மேல்பலகையில்தானே. அதுதான் பாடுகிறது, மற்றவை கூட நிற்கின்றன.

ஆகவே கிடார் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: முதுகைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரத்தின் ரேகை விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் அது ஒரே பலகை. பிஸ்கட் அடுக்கு மாதிரி வரி வரியாகத் தெரிந்தால் ப்ளைவுட். அந்த இரவல் கிடாரின் விளிம்பில் மூன்று வரி தெரிந்தது. முதுகிலும் ஈட்டி மெல்லிய தோலாக மேலே ஒட்டியதுதான்.

அந்த வாரம் முழுக்க ஏற்பாடு. அவளுடைய சொந்தக் கிடார் யமஹா எஃப் 310, பெரிய பெட்டி, ப்ளைவுட் மேல்பலகை. அடுத்தது இரவல் ரோஸ்வுட். என்னிடமிருந்து இரண்டு: ஒரே பலகை ஸ்ப்ரூஸ் மேல்பலகை போட்ட நடுத்தர அளவு ஒன்று, முழுக்க மஹோகனியில் செய்த சின்னது ஒன்று. நான்குக்கும் ஒரே நாளில் ஒரே வகைக் கம்பி மாற்றினேன், 12 கேஜ் பாஸ்பர் பிரான்ஸ். இதைச் செய்யாமல் எந்த ஒப்பீடும் நியாயமில்லை. மதுரை வியர்வைக்கு ஒரு மாதத்தில் கம்பி கறுத்துச் செத்துவிடும். செத்த கம்பி போட்ட நல்ல கிடாரும் புதுக் கம்பி போட்ட சாதாரணக் கிடாரும் பக்கத்தில் நின்றால், கடையில் புதுக் கம்பிதான் ஜெயிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடைத்தால் கம்பியின் ஆயுள் கூடும்.

பிறகு கம்பியின் உயரம். எஃப் 310-இல் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் ஏடிஎம் கார்டுகளை அடுக்கிப் பார்த்தேன். ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். மூன்று கார்டு நுழைந்தால் சரியான உயரம். ஐந்து தாராளமாக நுழைந்தது. இந்தப் பிள்ளை இரண்டு வருடம் விரல் வலிக்க அழுத்தி வாசித்திருக்கிறாளே என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நான்தான் முன்பே பார்த்திருக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் சேடிலை அடிப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்து இறக்கினேன். அழுத்துவதற்குச் சிரமப்படும் கை சுரத்தைத் தெளிவாகப் பிடிக்காது. "கிடார்ல சவுண்டே வரல" என்று என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான்.

ஞாயிறு இரவு, திண்டுக்கல் ரோட்டு ஹாரன் சத்தம் கொஞ்சம் அடங்கியபின் தொடங்கினோம். தகப்பனாரும் மகளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எட்டடி தள்ளி நான். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் சத்தத்தைக் கூர்மையாக்கித் திருப்பி அடிக்கும் என்பதால் கோரைப்பாய் இரண்டை விரித்திருந்தேன். ஒரே பிக். சத்தமாக ஒலிப்பது காதுக்கு உயர்ந்ததாகத் தோன்றிவிடும், ஆகவே கூடியவரை ஒரே அளவு சத்தம். 'இளைய நிலா'வின் முன்னிசையை வாசிக்கச் சொல்லி அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். மனசில் ஏற்கெனவே இனிக்கிற பாட்டு எந்தக் கிடாரிலும் இனிக்கும். ஜி கார்டு ஒன்று, தடித்த கம்பியை ஒருமுறை மீட்டி அது ஓயும்வரை காத்திருப்பது, மெல்லிய கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட் சுரம், இவ்வளவுதான். கிடாரின் குறை அந்த உயரத்துச் சுரத்தில்தான் வெளிப்படும்: பலகை நன்றாக இருந்தால் முத்துப் போல உருண்டு நிற்கும், இல்லாவிட்டால் 'டிக்' என்று விழுந்து மறையும்.

வரிசையை மாற்றி மாற்றி மூன்று சுற்று. எஃப் 310-ஐயும் ரோஸ்வுட்டையும் இருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் சுற்றில் தன் சொந்தக் கிடாரைக் கேட்டு "இதுதான் ரோஸ்வுட்" என்றாள். ஒரே பலகை போட்டதை மூன்று சுற்றிலும் தனியாகப் பிடித்துவிட்டார்கள். "கார்டு அடிச்சாலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேக்குது சார்" என்றாள் அவள். இதைவிடச் சரியாக அதைச் சொல்ல எனக்கும் தெரியாது.

பெரிய பெட்டிகளில் ஜி கார்டு அடிக்கும்போது அடியில் ஒரு முழக்கம் எழுவதை அவள் கவனித்தாள். ஏன் என்று காட்டினேன். ஒலித்துளை அருகே வாயை வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல முனகிக்கொண்டே இறங்கினால், ஓரிடத்தில் பெட்டி கூடவே முனகும். அந்த அளவுப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஓரிடத்தில் சந்திப்பதால் அந்தச் சுரம் மட்டும் பொங்கி வருகிறது. துளையைக் கையால் பாதி மூடினால் முழக்கம் கீழே இறங்கும், மானாமதுரைக் கடத்தின் வாயை மூடித் திறக்கும்போது சுருதி இறங்கி ஏறுவது போல. தனியாகப் பாடுபவருக்கு அந்த முழக்கம் பக்கபலம். ஆர்மோனியமும் தபேலாவும் நிறைந்த பாடற்குழுவில் அது சேறாகக் குழம்பிவிடும் என்பது என் அனுபவம்.

சின்ன மஹோகனி முதல் சுற்றில் யாருக்கும் பிடிக்கவில்லை. பளபளப்பில்லை, சுரம் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. கழுத்து அகலம், விரல் வேலை எல்லாமே வேறு, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பருவத்தையும் சொல்லியாக வேண்டும். கிடார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஒத்துக்கொள்ளும். நம் சித்திரை, வைகாசி மதியங்களில் காற்று காய்ந்து கிடக்கும். ஐப்பசி அடைமழையில் பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும், சத்தம் கம்பளி போர்த்தியது மாதிரி ஆகும். அதனால் மழைக்காலத்தில் கேட்ட கிடாரையும் கோடையில் கேட்டதையும் மனசில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு கோடையில் என் ஒரே பலகை கிடாரைப் பரணில், கான்கிரீட்டுக்கு அடியில் ஏற்றி வைத்துவிட்டேன். இறக்கியபோது பிரிட்ஜிலிருந்து கீழே விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே சின்ன மரச்சில்லுகளைக் குறுக்கே ஒட்டிச் சரிசெய்தோம். அந்த ஞாயிறு மூன்று சுற்றிலும் ஜெயித்தது அதே கிடார்தான். இப்போது கோடை வந்தால் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஈர ஸ்பாஞ்சை வைத்து, கிடாரோடு பெட்டிக்குள் மூடிவிடுகிறேன். ப்ளைவுட் கிடார் இவ்வளவு கவனிப்புக் கேட்காது. பேருந்திலும் டூவீலரிலும் கிடாரைச் சுமக்கிற மாணவருக்கு அது பெரிய நன்மை.

"அப்ப ரோஸ்வுட் வேணாம்ங்கிறீங்க" என்றார் தகப்பனார்.

"இந்த ரோஸ்வுட் வேணாம்ணே. பாப்பாவோட கிடார் இப்ப நல்லாப் பேசுது, ரெண்டு வருசம் ஓட்டட்டும். அப்புறம் காசு சேர்ந்தா மேல்பலகை ஒரே பலகையாப் பாருங்க. நீங்க வாசிக்கச் சொல்லிட்டு எதிர்ல நின்னு கேளுங்க. சத்தம் முன்னாலதான் போகும், வாசிக்கிறவங்க காதுக்குப் பாதிதான் வரும்."

அவள் அதற்குள் சின்ன மஹோகனியை மடியில் எடுத்து வைத்து, போன வாரம் கோயிலில் பாடிய பாட்டை மெல்ல ஆரம்பித்திருந்தாள். சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது என்று மூவரும் ஒதுக்கிய அந்தக் கிடார், அவள் குரல் எழும் இடத்திலெல்லாம் விலகி வழி விட்டது. ஒரு சொல்கூடக் கம்பிச் சத்தத்தில் மூழ்கவில்லை.

தகப்பனார் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல இருந்து பாடுத்தா" என்றார்.