வீடு கட்டுவோம், கைக்காசுக்குள் கட்டுவோம்



லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்த நமக்குச் சொந்தக் காணியில் ஒரு தனி வீடு என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஆசை. காணி கிடைத்த குடும்பங்கள் பல இப்போது தங்கள் விருப்பப்படி வீடு கட்ட முன்வருகின்றன. சந்தோஷமான விஷயம். ஆனால் ஆசையோடு கணக்கும் வேண்டும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

நாங்கள் கண்ட ஒரு வீடு

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் 7 பேர்ச் காணியில் வேலை தொடங்கியது. கணவன் பெக்டரியில், மனைவி கொழுந்து மலையில். முதலில் போட்ட பிளான் 550 சதுர அடி: இரண்டு அறை, ஹோல், குசினி, மலசலகூடம். வாணம் வெட்டும் நாளில் பாஸ், "இன்னொரு அறையையும் சேர்த்துப் போட்டுடலாம், பிறகு இடிக்க ஏலாது" என்றார். சொந்தக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். எங்களிடம் வந்து கேட்டபோது, "ஐயா, கட்டுறது ஒருக்காத்தானே, பெருசா கட்டுவோமே" என்றார் அந்தத் தம்பி. நாங்களும் கணக்குப் பார்க்காமல் தலையாட்டினோம். அது எங்கள் பிழை.

சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்ததும் காசு முடிந்தது. நகை அடகுக்குப் போனது. மூன்று மழைக்காலம் கூரையில்லாத சுவர் நனைந்து பாசி பிடித்தது. புது வீட்டில் ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்றிருந்த பாட்டி லயத்திலேயே கண்ணை மூடினார். கடைசியில் ஒரு அறைக்கும் குசினிக்கும் மட்டும் கூரை போட்டுக் குடிபோனார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒரு அறையின் விலை

"ஒரு அறைதானே" என்கிறோம். கணக்கைப் பாருங்கள். இருக்கிற சுவரோடு ஒட்டி 10 அடிக்கு 10 அடி அறை கட்டினால் புதிதாக மூன்று சுவர் வரும். நீளம் 30 அடி. 9 அடி உயரம் என்றால் 270 சதுர அடிச் சுவர். 16 அங்குல புளொக் கல்லில் ஏறக்குறைய 300 கல். இரண்டு பக்கமும் பூசினால் 540 சதுர அடிப் பூச்சு. இதோடு 30 அடி அத்திவாரம், தரை, கதவு, யன்னல், கூரை. எல்லாவற்றுக்கும் பாஸின் கூலி, லொறிக் கூலி. லொறி வராத இடத்தில் தலைச்சுமைக் கூலியும் உண்டு. இதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் பிளானை மாற்றாதீர்கள்.

காசைப் பிரிக்கும் முறை

கையில் 10 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சத்தைத் தனியே எடுத்து வையுங்கள். விலை ஏறும், கல் உடையும், மழையில் வேலை நிற்கும். மிச்சம் 9 லட்சத்துக்குத்தான் பிளான். வரப்போகும் சீட்டுக் காசையும், "தருகிறேன்" என்று சொந்தக்காரர் சொன்ன காசையும் கையில் உள்ள காசாக எண்ண வேண்டாம்.

ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடத்துக்கு மேல் சந்தா கட்டி, கணக்கில் 3 லட்சம் ரூபாவுக்குக் குறையாமல் உள்ளவர்கள், வேலையில் இருக்கும்போதே வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம். 2015 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் அது வயதான காலத்துச் சோற்றுக் காசு. கூரை போடவும் குடிபோகவும் எடுங்கள். வீட்டைப் பெரிதாக்க எடுக்காதீர்கள்.

நிலத்தைப் பார்த்துக் கட்டுங்கள்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. மலைநாட்டில் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறுங்கள். மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டினால் தாங்குசுவர் கட்ட வேண்டி வரும். அந்தச் செலவே ஒரு அறையை விழுங்கிவிடும். மழைத்தண்ணீர் வீட்டைச் சுற்றிப் போக முதலிலேயே கான் வெட்டுங்கள். இந்த இரண்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேலை நடக்கும்போது

1. அட்டன், நுவரெலியா பக்கம் தை, மாசி, பங்குனி மாதங்களில் மழை குறைவு. அப்போது தொடங்கினால் பெருமழைக்கு முன் கூரை போடலாம்.

2. கொந்தராத்தை எழுதி வாங்குங்கள். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று நான்காகப் பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

3. சீமெந்தை ஒரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பலகை மேல், சுவரில் படாமல் அடுக்குங்கள். நம் ஈரத்தில் மூட்டை சீக்கிரம் கட்டியாகிவிடும்.

4. ஒரு கொப்பியில் தினமும் செலவை எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் அழகாக எழுதுவார்கள்.

5. கூரை, கதவு, மலசலகூடம், தண்ணீர், இவை முடிந்தால் குடிபோகலாம். மற்ற அறைகளின் உள்பூச்சு, டைல்ஸ், வர்ணம் எல்லாம் பிறகு.

பின்னால் அறை கூட்ட நினைப்பவர்கள் அந்தப் பக்கத்து நிலத்தை வெறுமையாக விட்டு, கதவு வரும் இடத்தை இப்போதே தீர்மானித்து வையுங்கள். நிலைக்கு மேல் கொங்கிறீட் போட்டு, கீழே கல்லால் அடைத்துவிட்டால் பிறகு பெரிதாக இடிக்க வேண்டி வராது. பாஸ் சொன்ன பயத்துக்கு இதுதான் பதில்.

வீட்டில் செய்து பாருங்கள்

இன்று இரவு கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இன்று கையில் உள்ள காசு எவ்வளவு? குடிபோகக் கட்டாயம் வேண்டியது எது? பொறுத்துச் செய்யக்கூடியது எது? எழுதியதை எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். இந்த முறை சும்மா தலையாட்ட மாட்டோம். உங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

சின்ன வீடானாலும் கூரை போட்டுக் குடிபோன வீடே வீடு.