ஜீவனா, சுறுசுறுப்பா?



ஆங்கில வேதாகமம் வாசிக்கிற நம் வாலிபர்கள் எபிரெயர் 4:12-க்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். 1611-ல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிள், தேவனுடைய வார்த்தையை 'குவிக்' என்கிறது. குவிக் என்றால் சீக்கிரம்தானே, வசனம் வேகமாய் வேலை செய்யும் என்றுதானே அர்த்தம்? அப்படியே பிரசங்கிக்கிறவர்களும் உண்டு. அது அல்ல.

பழைய ஆங்கிலத்தில் 'குவிக்' என்றால் உயிருள்ளது. அவ்வளவுதான். உயிருள்ளது அசையும், ஓடும். அப்படித்தான் பிற்பாடு வேகம் என்ற அர்த்தம் ஏறிக்கொண்டது. 2 தீமோத்தேயு 4:1-ல் உயிரோடிருக்கிறவர்களையும் அந்தப் பைபிள் 'குவிக்' என்றே சொல்கிறது. வேகமாய் ஓடுகிறவர்களை மட்டுமா ஆண்டவர் நியாயந்தீர்ப்பார்? 1 பேதுரு 2:5-ல் கிரேக்கச் சொல் அதேதான், ஆங்கிலத்தில் 'லைவ்லி' என்று போட்டார்கள். இன்றைக்கு லைவ்லி என்றால் கலகலப்பு. கலகலப்பான கல் எங்கே இருக்கு? தமிழ் வேதாகமத்தில் ஜீவன், உயிர் என்றே இருப்பதால் நாம் தப்பித்தோம், ஸ்தோத்திரம்.

காளவாசலில் சுட்டெடுத்த சுண்ணாம்புக் கல்லுக்கு ஆங்கிலத்தில் 'குவிக் லைம்' என்று பேர். பார்த்தா செத்த கல்லு மாதிரி சும்மா கிடக்கும். ஒரு செம்பு தண்ணி ஊத்திப் பாருங்க, கொதிச்சு ஆவி பறக்கும். நீத்துப்போன சுண்ணாம்பில் எத்தனை குடம் ஊற்றினாலும் கொதிக்காது.

நம் சபைகளிலும் 'லைவ்லி ஆராதனை' என்கிறோம். (கைதட்டலுக்கு நான் விரோதி இல்லை, நானும் தட்டுகிறவன்தான்.) ஆனால் தீப்பெட்டி ஆபீசில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, உபவாச ஜெபத்தில் மூலையில் சத்தமில்லாமல் முழங்காலில் இருக்கிற அம்மாவுக்கு அனல் இல்லை என்று யார் தீர்ப்புச் சொல்வது? சர்தை சபைக்கு உயிருள்ளது என்ற பேர் இருந்தது. ஆண்டவர் கண்டது வேறே (வெளி. 3:1).

1860-ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையில், அருளப்பன் ஊழியத்தில் எழுப்புதல் பற்றினபோது சத்தமும் இருந்தது. நடுக்கம், கண்ணீர், அந்நியபாஷை எல்லாம் இருந்தது, மறுக்க வேண்டாம். அதோடு பாவ அறிக்கையும் இருந்தது. மிஷன் சம்பளத்தை எதிர்பார்க்காமல் ஊர் ஊராய் சுவிசேஷம் சொல்லவும் புறப்பட்டார்கள்.

சங்கீதம் 119-ல், ஆங்கிலத்தில், 'குவிக்கன்' என்ற சொல் 11 தரம் வருகிறது. உயிர்ப்பிக்கிறது என்று அர்த்தம். முதல் இடம் 25-ம் வசனம், மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறவனுடைய ஜெபம். ஐப்பசி மழையில் கரிசல் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்த ஒட்டல் எப்படிப்பட்டது என்று தெரியும். அடுத்த வேதபாடத்துக்கு வரும்போது அந்த 11 வசனங்களையும் தேடிக் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள்.