போனில் பார்த்தால் வைத்தியம் ஆகுமா?

மேலநீலிதநல்லூர்க்காரர்களுக்குச் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏற வேண்டும். திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. 2020 மார்ச் கடைசியில் அந்த பஸ்ஸும் நின்றபோதுதான் பலர் முதன்முதலாக டாக்டரிடம் போனில் நோய் சொன்னார்கள். அப்போது கிளம்பிய சில பேச்சுகள் இன்னும் ஓயவில்லை.

"நேரில் பார்க்காமல் மருந்து சொல்வது சட்டத்துக்கு விரோதம்லா?"

டாக்டர்களே பயந்த காலம் உண்டு. போனில் மருந்து சொல்லி நோயாளி இறந்த ஒரு வழக்கில், 2018இல் மும்பை உயர் நீதிமன்றம் டாக்டர் தம்பதிக்கு முன்ஜாமீன் மறுத்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது 2020 மார்ச் 25 அன்று வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறை. பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவில் எங்கிருந்தும் எங்கிருப்பவருக்கும் வீடியோ, குரல், எழுத்து ஆகிய மூன்று வழியிலும் ஆலோசனை சொல்லலாம். நேரில் வாங்கும் கட்டணத்தையே வாங்கலாம். ரசீது தர வேண்டும்.

"அப்படியென்றால் எந்த மாத்திரையையும் எழுதலாமே?"

இங்கேதான் சிக்கல். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். படைக்குப் பூசும் களிம்பை முதல் தடவையிலேயே எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு இது அநியாயம்தான். ஆனாலும் தோலைப் பார்க்காமல் தோல் மருந்து எழுதச் சொல்வது அதைவிட அநியாயம். ஏற்கெனவே நேரில் பார்த்த சர்க்கரை நோயாளிக்கு, அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் பழைய மாத்திரையைத் தொடரலாம். கூடுதலாக ஒன்றைச் சேர்க்கவும் செய்யலாம். மார்பின் போன்ற போதை மருந்துகளை எந்த வழியிலும் எழுதக்கூடாது.

"திருப்பூரிலிருக்கும் மகன் அம்மாவுக்காகப் பேசினால் போதும்."

அம்மா பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் பேசலாம். இல்லாவிட்டால் அவருடைய ஒப்புதலோ உறவைக் காட்டும் ஆவணமோ டாக்டர் கேட்பார். சந்தேகப்படுகிறார் என்று கோபிக்கக் கூடாது, விதி அது.

"நேரில் வாங்க என்றால் தட்டிக்கழிக்கிறார்."

போனில் தீர்க்க முடியுமா என்று முடிவெடுப்பது டாக்டரின் பொறுப்பு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் முதலுதவி சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அழைக்க வேண்டிய எண் 108.

"இதெல்லாம் பட்டணத்துக்காரர்களுக்கு."

2020 ஏப்ரலில் தொடங்கிய, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச உதவும் மத்திய அரசின் இலவச இ-சஞ்சீவனி ஓபிடி சேவையை, அந்த ஆகஸ்டில் நாட்டிலேயே அதிகம் பயன்படுத்தியது தமிழ்நாடுதான்.

"வாட்ஸ்அப்பில் வந்த சீட்டு செல்லாது."

டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் போட்டோ செல்லும். அதில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத சீட்டை மருந்துக்கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் அவரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். டாக்டருக்கே திரும்பப் போன் போட்டுக் கேளுங்கள்.