பூட்டிய செய்தியும் வாயிற்காவலரும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்தொடர் வண்டியில் கவரைப்பேட்டையைக் கடந்தால், வலப்புறமும் இடப்புறமும் வயல்கள் குறைந்து புகைபோக்கிகள் தோன்றத் தொடங்கும். வண்டி சென்று நிற்கும் கும்மிடிப்பூண்டிதான் எங்கள் ஊர். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் என் தந்தையார் சரக்கேற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான்தான். சென்ற கோடை விடுமுறையில் அப்பாவின் மேஸ்திரி எனக்காகப் பேசி, அதே பேட்டையிலுள்ள ஒரு சிறு தொழிற்சாலையின் அலுவலகத்தில் நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். அந்நாட்களில் என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு சிக்கலையும், அதை அவிழ்க்கப் போய் நான் செய்த தவற்றையும், பின்னர் கற்றுக்கொண்டதையும் சக மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எனக்குக் கிடைத்த வேலை இதுதான். ஒவ்வொரு மாலையும் எந்த லாரியில் எத்தனை பெட்டி சென்றது என்ற விவரத்தைச் சரக்கை வாங்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் டெஸ்பாட்ச் பிரிவினர் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும். பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி அதைத் தானாக அனுப்பும்படி செய்கிறேன் என்று துணிந்து கூறிவிட்டேன். சித்தப்பா மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற பழைய அரசு மடிக்கணினியில், வீட்டில் அது பழுதின்றி ஓடியது. மறுநாள் அலுவலகக் கணிப்பொறியில் ஓட்டினேன். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, நேரம் கடந்துவிட்டது என்ற பிழைச் செய்தியோடு படுத்துவிட்டது.

காரணம், அந்த அலுவலகத்தில் எந்தக் கணிப்பொறியும் இணையத்தோடு நேரே பேச இயலாது. நடுவே ஒரு பிராக்ஸி உண்டு. தொழிற்சாலை வாயிலில் நிற்கும் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே போகும் எதுவும் அவரைக் கடந்துதான் போகவேண்டும். பூட்டில்லாத பழைய எச்.டி.டி.பி. கோரிக்கை அஞ்சலட்டை போன்றது. காவலர் அதை வாங்கிப் படித்து, தாமே கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கி வருவார். எச்.டி.டி.பி.எஸ். அவ்வாறன்று. அது பூட்டிய பெட்டி. காவலரால் படிக்க இயலாததை அவர் எப்படிக் கொண்டுபோவார்? அதற்காகவே 'கனெக்ட்' என்றொரு கட்டளை ஏற்பட்டது. "இன்ன முகவரிக்கு, 443ஆம் எண் கதவுக்கு, எனக்கு வழி திறந்துவிடுங்கள்" என்று புரோகிராம் பிராக்ஸியிடம் திறந்த மொழியில் கேட்கும். பிராக்ஸி அங்கே இணைப்பு ஏற்படுத்தி, 200 என்ற எண்ணுடன் 'இணைப்பு அமைந்தது' என்று பதில் கூறும். அதற்குப் பிறகுதான் டி.எல்.எஸ். என்னும் பூட்டும் பேச்சு அக்குழாய்க்குள் தொடங்குகிறது. முதலில் திறந்த பேச்சு, பின்னர் பூட்டிய பேச்சு என்னும் இவ்விரண்டு கட்டங்களைப் பிரித்தறியாதவர்களே பெரும்பாலும் இதில் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன்.

பைத்தானில் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்னும் நூலகத்தைப் பயன்படுத்துவோர் பிராக்ஸியை ஒரு சிறு அகராதியாகக் கொடுக்கவேண்டும். அதில் இடப்பக்கம் வருவது நாம் போய்ச் சேரவேண்டிய தளத்தின் வகை. வலப்பக்கம் வருவது பிராக்ஸியின் முகவரி. நான் இடப்பக்கம் 'எச்.டி.டி.பி.' என்று மட்டும் எழுதியிருந்தேன். நான் போகவேண்டிய தளமோ 'எச்.டி.டி.பி.எஸ்.' ஆகவே என் புரோகிராம் காவலரைக் கண்டுகொள்ளாமல் நேரே வெளியேற முயன்று, மதிலில் மோதி நின்றது. நேரம் கடந்ததன் பொருள் இவ்வளவே.

இடப்பக்கத்தைத் திருத்தினேன். கூடவே, இரண்டு பக்கமும் பொருத்தமாக இருக்கட்டுமே என்று பிராக்ஸியின் முகவரி முன்னாலும் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று சேர்த்துவிட்டேன். இப்போது வந்தது புதுப் பிழை: 'தவறான பதிப்பு எண்'. பைத்தானின் பதிப்போ என்று ஒரு நாள் முழுவதும் அதை மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்தேன். வீண் வேலை. வலப்பக்கத்தில் 'எஸ்' எழுதினால், பிராக்ஸியோடு பேசும் பேச்சையே முதலிலிருந்து பூட்டிப் பேசு என்று பொருள். பெரும்பாலான அலுவலக பிராக்ஸிகளுக்கு அது தெரியாது. அவை 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கும் திறந்த பதிலையே அனுப்பும். டி.எல்.எஸ். பேச்சின் உறையிலோ முதல் பைட் செய்தியின் வகை. அடுத்த இரண்டு பைட்டுகள் பதிப்பு எண். 'எச்', 'டி', 'டி' என்ற எழுத்துகளுக்கு ஆஸ்கி அட்டவணையில் 72, 84, 84 என்பன எண்கள். 3, 3 என்று வரவேண்டிய இடத்தில் 84, 84 வந்தால் எந்தப் புரோகிராம்தான் பதிப்பு தவறு என்று கூறாது? முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்து மறந்த ஆஸ்கி அட்டவணைக்கு இப்படியொரு பயன் உண்டென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு அடியில் வேலை செய்யும் 'யூ.ஆர்.எல்.லிப்3' என்பது, 2020 நவம்பரில் வந்த 1.26 பதிப்புக்கு முன்னர், பிராக்ஸி முகவரியில் அந்த 'எஸ்' இருந்தாலும் இல்லாததாகவே எண்ணிக்கொண்டு போயிற்று. ஆண்டுக்கணக்கில் தவறாக எழுதியும் ஓடிய புரோகிராம்கள் அப்பதிப்பு வந்தபின் நின்றுபோயின. பழைய உதாரணங்களைப் பார்த்து எழுதும் மாணவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

'எஸ்'ஸை நீக்கியதும் 407 என்ற எண் வந்தது. 'நீ யார் என்று சொல்' என்று கேட்பது தளமன்று, பிராக்ஸி. தளம் கேட்டிருந்தால் 401 வந்திருக்கும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முகவரியிலேயே சேர்த்து எழுதினேன். அக்கடவுச்சொல்லில் ஹேஷ் என்னும் கட்டக்குறி இருந்தது. இணைய முகவரியில் அக்குறி வந்தால் முகவரியின் முதன்மைப் பகுதி அங்கே முடிந்ததாகக் கொள்ளப்படும், மீதி வெட்டுண்டுபோகும். சதவீதக் குறியிட்டு 23 என்று எழுதினால்தான் அது எழுத்தாகக் கருதப்படும். (403 வந்தால் வேறு கதை. ஸ்குயிட் போன்ற பிராக்ஸிகள் இயல்பாக 443 தவிர்த்த கதவுகளுக்குக் 'கனெக்ட்' கட்டளையை அனுமதிப்பதில்லை. அப்போது அலுவலரிடம் கேட்பதே வழி.)

இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் நான் கூற வந்த பிழை: 'சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை.' அதே கணிப்பொறியில் பிரௌசரில் அத்தளம் திறக்கிறது. என் புரோகிராம் மட்டும் மறுக்கிறது. பயிற்சியின் பாதி நாள் கழிந்துவிட்டது. "என்னம்மா, ஆகுமா ஆகாதா?" என்று மேலாளர் கேட்டார். அங்கிருந்த மூத்த ஊழியர் ஒருவர், "வெரிஃபை என்பதை ஃபால்ஸ் என்று போடு, ஓடிவிடும்" என்றார். போட்டேன். ஓடிவிட்டது. ஒவ்வொரு முறையும் திரையில் வந்த எச்சரிக்கை வரி உறுத்தியதால் அதையும் வராமல் அடக்கினேன். மேலாளர் மகிழ்ந்து, எடைமேடை அறையிலுள்ள கணிப்பொறியிலும் அதை நிறுவச் சொன்னார். மேஸ்திரி அப்பாவிடம் என்னைப் பாராட்டினாராம்.

எடைமேடை அறையில் வை-ஃபை கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வரிசையில் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. சரிபார்ப்பை நிறுத்திய புரோகிராம் பெட்டியைப் பூட்டும்; ஆனால் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பாராது. அந்த வலைக்குள் எவரேனும் தம் கணிப்பொறியைப் பிராக்ஸி போல் காட்டிக்கொண்டால், நிறுவனத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் என் புரோகிராம் பணிவோடு அவரிடம் ஒப்படைத்துவிடும்.

அன்றிரவு நான் சாப்பிடாததைக் கண்டு அப்பா விசாரித்தார். கணிப்பொறிச் சொற்களை விட்டுவிட்டுப் பெட்டி, பூட்டு, முத்திரை என்று கூறினேன். அவர் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கண்டெய்னர்களில் சரக்கேற்றுபவர் ஆயிற்றே.

"சீல் நம்பர் மாறிப் போச்சுன்னா துறைமுகத்துல ஏத்தமாட்டாங்கம்மா. கஸ்டம்ஸ்காரங்க உடைச்சுப் பார்த்தாங்கன்னா, அவங்களே வேற சீல் போட்டு அந்த நம்பரை எழுதிக் குடுப்பாங்க. அந்தச் சீட்டு கையில இருந்தா ஒத்துக்குவாங்க. சீட்டு இல்லாம எவன் நம்புவான்?" என்றார்.

அங்கே நிகழ்ந்ததும் அதுவே. மறுநாள் பிரௌசரில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பார்த்தேன். உலகறிந்த சான்றளிப்பு நிறுவனத்தின் பெயர் இல்லை. அலுவலகத்தின் பாதுகாப்புக் கருவியின் பெயர் இருந்தது. அந்தக் காவலர் பெட்டியைத் திறந்து சோதித்து, மீண்டும் பூட்டித் தம் முத்திரையை இடுபவர். அவருடைய முத்திரையை ஏற்றுக்கொள்ளும்படி அலுவலகக் கணிப்பொறிகளின் விண்டோஸ் பட்டியலில் முன்னரே பதிந்துவைத்திருக்கிறார்கள். பிரௌசர் அப்பட்டியலைப் பார்க்கிறது. ரிக்வெஸ்ட்ஸ் அதைப் பார்ப்பதில்லை. மொசில்லாவின் பட்டியலிலிருந்து தொகுக்கப்பட்ட 'சர்ட்டிஃபை' என்னும் தன் சொந்தக் கோப்பையே பார்க்கிறது. 2018 முதல் விண்டோஸுடன் சேர்ந்தே வரும் 'கர்ல்' கருவியால் சோதித்தபோது அது தடையின்றிச் சென்றது. அதுவும் விண்டோஸ் பட்டியலையே நம்புவது. ஆகவே வலையிலோ பிராக்ஸியிலோ பழுதில்லை, நம்பிக்கைப் பட்டியலில்தான் வேறுபாடு என்பது ஐயமற விளங்கிற்று.

ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பது தொல்லை என்று நினைக்கலாம். நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி அதன் மறுபக்கத்தைக் காட்டும். 2014 ஜூலை 2ஆம் நாள், கூகுளின் தளங்களுக்கான பொய்ச் சான்றிதழ்கள் உலவுவதை அந்நிறுவனம் கண்டறிந்தது. அவை நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து வெளிவந்திருந்தன. அதற்கு மேலிருந்த இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தமையால், விண்டோஸ் பட்டியலை நம்பிய புரோகிராம்களில் பெரும்பாலானவை அவற்றை உண்மையென ஏற்கும் நிலை. பயர்பாக்ஸின் பட்டியலில் அது இல்லாததால் அதற்குப் பாதிப்பில்லை. மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் நீக்கப்பட்டன. வழங்கும் முறையில் ஊடுருவல் நேர்ந்தது, நான்கு சான்றிதழ்கள் தவறாக வெளியாயின என்று கட்டுப்பாட்டாளர் தெரிவித்தார். அவற்றுக்கு மேலும் உண்டென்று கூறிய கூகுள், தன் குரோம் பிரௌசரில் அக்கட்டுப்பாட்டாளரின் சான்றிதழ்களைச் சில குறிப்பிட்ட இந்தியத் தளங்களுக்கு மட்டுமே செல்லும்படி குறுக்கியது. அரசின் முத்திரைக்கே இது நேர்ந்தது எனில், முத்திரையையே பாராமல் விடும் என் புரோகிராமை என்னென்பது!

மேலாளரிடம் சென்று, இரண்டு நாட்களாகப் பூட்டைச் சரிபார்க்காமல் அனுப்பினேன் என்று கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் வாங்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கூறிக் கடவுச்சொல்லை மாற்றச் செய்தார். புதியது வர இரண்டு நாளாயிற்று. அதுவரை விவரங்களைப் பழையபடி கையால் தட்டச்சு செய்தார்கள். அதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மேஸ்திரிக்கும் செய்தி எட்டி, "பொண்ணு இன்னா பண்ணிச்சு?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா என்ன பதில் கூறினார் என்று நான் கேட்கவில்லை.

முறையான வழி அரை மணி நேர வேலைதான். அலுவலகத்தின் மூலச் சான்றிதழை விண்டோஸ் சான்றிதழ்ப் பட்டியலிலிருந்து 'பேஸ்-64' வடிவில் ஒரு கோப்பாக எடுக்கவேண்டும். இணைப்பின் வழியே வருவதையே பிடித்துச் சேமிப்போரும் உண்டு. அது திருடனிடமே அடையாளச் சீட்டு கேட்பது போலாகும். நான் எடுத்ததன் கைரேகை எண்ணை, அறுபத்து நான்கு குறிகளையும், கணிப்பொறிகளைப் பராமரிக்கும் அலுவலருக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டி ஒப்பிட்டுக்கொண்டேன். அதன்பின் சர்ட்டிஃபை கோப்பின் நகல் ஒன்றின் இறுதியில் அதை ஒட்டி, 'ரிக்வெஸ்ட்ஸ் சி.ஏ. பண்டில்' என்னும் சூழல் மாறியில் அந்நகலின் இருப்பிடத்தைக் கொடுத்தேன். மூலச் சான்றிதழை மட்டும் தனியே கொடுத்தால், பிராக்ஸி திறந்து பாராமல் விடும் வங்கித் தளங்கள் போன்றவை மறுக்கப்படும். ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும். 'வெரிஃபை ஃபால்ஸ்' வரியை அழித்தேன். செய்தி சென்றது.

எடைமேடைக் கணிப்பொறியில் மட்டும் அதே பிழை மறுபடி வந்தது. அரை நாள் தேடிய பிறகு மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துபோய், அது 2009ஆம் ஆண்டில் இருந்தது. பிறக்காத சான்றிதழை அது எங்ஙனம் ஏற்கும்? பாட்டரியை மாற்றினோம்.

சான்றிதழுக்குப் பிறப்பு போலவே முடிவும் உண்டு. 2021 செப்டம்பர் 30ஆம் நாள், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்கு அடிப்படையாயிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது உலகெங்கும் பழைய கருவிகள் பல இணைய முடியாமல் நின்றன. அலுவலகத்தின் மூலச் சான்றிதழ் 2029 மார்ச்சு வரை செல்லும். அத்தேதியையும், கோப்பு இருக்குமிடத்தையும், மாற்றும் முறையையும் தமிழில் ஒரு காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி, டெஸ்பாட்ச் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.