சோழிகளால் கணித்த கிரகணம்

"கணக்குக்குப் பிறவி மூளை வேண்டும், எனக்கு அது வராது" என்று சொல்பவர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். மஞ்சக்குப்பத்திற்கு வடக்கே அதிகத் தொலைவில் இல்லாத புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி அறிந்தால், அவர்கள் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளக் கூடும்.

சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்பவர், இந்தியக் காலக் கணிதம் பற்றி 1825-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்தக் கணிதர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய முறையை விவரிக்கிறார். கணிதர் எண்களை எழுதவில்லை. தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் கணக்கிட்டார். தேவையான வாய்பாடுகள் யாவும் சொற்களாக அவர் நினைவில் இருந்தன.

இது எளிய கணக்கா? அன்று. சந்திரன் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது ஒரு நாளில் சுமார் 15 பாகையும், தொலைவில் இருக்கும்போது சுமார் 12 பாகையும் நகர்கிறது. அண்மை நிலையிலிருந்து மீண்டும் அண்மை நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாட்கள் ஆகின்றன. இதை 9-ஆல் பெருக்கிப் பாருங்கள்; ஏறக்குறைய 248 வரும். எனவே 248 நாட்களுக்கு ஒருமுறை சந்திரனின் வேக மாறுதல்கள் அதே வரிசையில் திரும்புகின்றன. நம் முன்னோர் நாளுக்கொன்றாக 248 வாக்கியங்களை அமைத்து, எழுத்துகளில் எண்களைப் பொதிந்து வைத்தனர். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால் வந்ததே. இத்தனையையும் பிழையின்றி மனத்தில் பதிக்க எவ்வளவு பயிற்சி வேண்டும்!

1825 மே 31 இரவு நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தை அவர் கணித்ததில் பிழை 4 நிமிடங்களே. ஆனால் நடுப்பகுதியில் 23 நிமிடங்களும், முடிவில் 52 நிமிடங்களும் வேறுபட்டன. வானியல் கொள்கைகளை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் குறிப்பிடுகிறார். இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. பொறுமையான பயிற்சி, கொள்கை அறியாத ஒருவரையும் கிரகணத்தைக் கணிக்கும் அளவுக்கு உயர்த்தியது. எனினும், வாய்பாடு ஏன் அப்படி அமைந்தது என்று அறிந்தால்தான் அதன் பிழையைத் திருத்த முடியும். உழைப்போடு "ஏன்?" என்ற கேள்வியும் சேர வேண்டும்.

செய்து பாருங்கள்: வளர்பிறை நாட்களில் தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ, உங்கள் வீட்டு மாடியிலோ, தினமும் மாலை 7 மணிக்கு நில்லுங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஒரு பிரகாசமான விண்மீனிலிருந்து சந்திரன் எத்தனை முட்டி தள்ளியிருக்கிறது என்று குறித்து வாருங்கள். முதல் நாள் அளவு உங்களை ஏமாற்றலாம். பத்தாம் நாள் அளவையும் அதையும் ஒப்பிடுங்கள். பயிற்சி என்ன செய்யும் என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லும்.